நுளம்பின் வயிற்றில் விடை தேடிய வைத்தியர்

ஒரு நோய் ஏன் வருகின்றது என்பதை அறியாதவரையில் அதற்கு எதிராக மனிதன் நடத்தும் போராட்டம் இருளில் வாள் வீசுவதைப் போன்றதே. மலேரியா காய்ச்சலைப் பொறுத்தவரை மனித குலம் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே வாள் வீசிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லே அந்நோயின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அந்த இருளை அகற்றியவர்களுள் முதன்மையானவர் சேர் ரொனால்ட் ரொஸ் ஆவார்.

ரொஸ் 1857 மே 13 ஆம் திகதி இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் உயர் அதிகாரி. எட்டாவது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்குக் கவிதையிலும் இசையிலும் ஓவியத்திலும் கணிதத்திலுமே நாட்டம் இருந்தது. ஆனால் தந்தையாரின் விருப்பத்துக்குப் பணிந்து, 1874 இல் லண்டன் சென்.பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அதில் பெரிய ஆர்வம் எதனையும் அவர் காட்டவில்லை. 1881 இல் இந்திய மருத்துவ சேவையில் இணைந்த பின்னரும் சில காலம் கவிதையும் நாவலும் எழுதுவதிலேயே அவரது ஓய்வு நேரம் கழிந்தது.

பிரெஞ்சு இராணுவ வைத்தியரான லவெரன் 1880 இல் அல்ஜீரியாவில் நோயாளரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்திருந்தார். ரொஸ் அதனை முதலில் நம்பவில்லை. 1894 இல் விடுமுறையில் லண்டன் சென்றிருந்தபோது, பற்றிக் மான்சன் என்ற அறிஞர் அந்த ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் அவருக்கு நேரிலேயே காட்டினார். யானைக்கால் நோய்ப் புழுக்கள் நுளம்பின் உடலில் வளர்வதை முன்னரே கண்டறிந்திருந்த மான்சன், மலேரியாவிலும் நுளம்புக்குப் பங்கிருக்கலாம் என்று கருதினார். அந்தச் சந்திப்பே ரொஸின் வாழ்வைத் திசை திருப்பியது.

1895 இல் செக்கந்தராபாத் திரும்பிய ரொஸ், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நுளம்புகளை நோயாளரைக் கடிக்கவிட்டு, பின்னர் அவற்றை வெட்டிச் சோதித்தார். பலன் கிட்டவில்லை. நுளம்பு இறந்து வீழ்ந்த நீரைப் பருகுவதால் நோய் பரவுகின்றதென்ற மான்சனின் ஊகமும் பொய்த்துப் போனது. வெட்டி வைத்த நுளம்பின் நுண்ணிய உறுப்புகள் பறந்துவிடும் என்பதால், கொடிய வெப்பத்திலும் விசிறியை இயக்க முடியவில்லை. வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. உண்மையில் அவர் சோதித்துக்கொண்டிருந்தது தவறான இன நுளம்புகளையே.

1897 ஓகஸ்டில், சிறகில் புள்ளிகளைக் கொண்ட கபில நிற நுளம்புகள் சில அவருக்குக் கிடைத்தன. ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி, ஒரு நுளம்புக்கு ஓர் அணா என்ற கூலிக்குத் தமது உடலில் அவற்றைக் கடிக்க இடமளித்தார். ஓகஸ்ட் 20 ஆம் திகதி அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் கரிய நிறத் துணிக்கைகளைக் கொண்ட கலங்களை ரொஸ் கண்டார். மறுநாள் சோதித்த நுளம்பில் அவை மேலும் பெரிதாக வளர்ந்திருந்தன. மனிதனின் மலேரியா ஒட்டுண்ணி நுளம்பினுள் வளர்கின்றது என்பது அதன் மூலம் தெளிவாயிற்று. அந்த நாளே இன்று உலக நுளம்பு தினமாக நினைவுகூரப்படுகின்றது.

எனினும் நிர்வாகத்துக்கு இதன் அருமை புரியவில்லை. அடுத்த மாதமே மலேரியா அரிதான இராஜபுதனப் பகுதிக்கு அவர் மாற்றப்பட்டார். 1898 இல் கல்கத்தாவுக்கு வந்த பின்னர், மனிதரை விடுத்துப் பறவைகளில் காணப்படும் மலேரியாவை ஆராய்ந்தார். முகம்மது பக்ஸ் என்ற உதவியாளர் நுளம்புகளைச் சேகரிப்பதில் அவருக்குப் பக்கபலமாக இருந்தார். அவ்வாண்டு ஜூலையில், ஒட்டுண்ணிகள் நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், அங்கிருந்து கடி மூலம் ஆரோக்கியமான பறவைக்குத் தொற்றுவதையும் ரொஸ் நிறுவினார். புதிர் அவிழ்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் கிராசி தலைமையிலான ஆய்வாளர்கள், மனித மலேரியாவை அனோபிலிஸ் நுளம்புகளே பரப்புகின்றன என்பதை உறுதிப்படுத்தினர்.

1902 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ரொஸுக்கு வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பின் உரிமை தொடர்பில் கிராசியுடன் அவர் பல்லாண்டுகள் கசப்பான சர்ச்சையில் ஈடுபட்டமை அவரது வாழ்வின் நிழல் படிந்த பகுதியாகும். பெரும் அறிவு எப்போதும் பெரும் மனத்தோடு சேர்ந்தே வருவதில்லை போலும். அணாக்களுக்குக் குருதி கொடுத்த ஹுசைன் கானையும் நுளம்பு தேடி அலைந்த முகம்மது பக்ஸையும் உலகம் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கின்றது என்பதும் சிந்திக்கத்தக்கதே.

இளமையில் அவர் விரும்பிய கணிதம் பிற்காலத்தில் கைகொடுத்தது. ஒவ்வொரு நுளம்பையும் ஒழிக்க வேண்டியதில்லை, அவற்றின் தொகையை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் குறைத்தாலே நோய் தானாக மறையும் என்பதைக் கணித வாயிலாக அவர் விளக்கினார். தொற்றுநோய்களின் பரவலைக் கணிக்கும் இன்றைய முறைகளுக்கு அது ஓர் அடித்தளமாகும். 1932 செப்டெம்பர் 16 ஆம் திகதி, தமது பெயரில் லண்டனில் நிறுவப்பட்ட மருத்துவ நிலையத்திலேயே அவர் காலமானார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் எமது நாடு பெரும் விலை கொடுத்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளான 1934 - 1935 காலப்பகுதியில், அக்குட்டைகளில் பெருகிய நுளம்புகளால் இலங்கையில் சுமார் 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாகினர். பின்னர் டீ.டீ.ரீ. மருந்து தெளித்ததன் பயனாக 1963 இல் நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. விழிப்பு தளர்ந்தது, 1960 களின் இறுதியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் உயர்ந்தது. ரொஸின் கணக்கு எவ்வளவு சரியானது என்பதற்கு எமது மண்ணே சாட்சியாயிற்று.

நீண்ட போராட்டத்தின் பின்னர் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அதன் பின் சில மாதங்களில், கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய இன நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. வெளிநாடுகளில் தொற்றுக்குள்ளாகித் திரும்புவோரும் இருக்கவே செய்கின்றனர். நுளம்பும் உண்டு, ஒட்டுண்ணி வரும் வழியும் உண்டு என்றால், நோய் மீள்வதற்குத் தேவைப்படுவது எமது அலட்சியம் ஒன்று மட்டுமே.

ஆபிரிக்கக் குழந்தைகளுக்காக 2021 இலும் 2023 இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் குறிவைப்பது, நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து மனித உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணியின் அந்தப் பருவத்தையே. 1898 இல் கல்கத்தாவின் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் ரொஸ் பறவை நுளம்புகளில் கண்ட பருவமும் அதுவேயாகும். நோயின் வழியை அறிந்தவர் ஒரு தலைமுறையில் மறைந்துவிடலாம். அந்த வழியை அடைத்து வைத்திருக்கும் பொறுப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் உரியது. எமது கிணற்றையும் நீர்த்தாங்கியையும் மூடி வைப்பதில் அது தொடங்குகின்றது.