இடம் தந்த பெருந்தகை

மாணாக்கனுக்குக் கல்வி தருதல் ஆசிரியர்க்குரிய கடமை. தாம் வீற்றிருந்த இடத்தையே தக்க இளைஞர் ஒருவரைத் தேடிச் சென்று மனமுவந்து அளித்தல் அக்கடமையினும் பெரிது. அவ்வாறு அளித்துத் தமிழ்த் தாய்க்குத் தொண்டு புரிந்தவர் வித்துவான் தியாகராச செட்டியார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பூவாளூரில் 1826-ஆம் ஆண்டு தோன்றியவர் செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுப் பெரும் புலவரானார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து பல்லாண்டு பணியாற்றினார். ஆங்கிலம் கற்றால்தான் உத்தியோகம் என்றிருந்த அந்நாளில், தமிழ் வகுப்பையும் மாணவர் மதித்துப் போற்றும்படி செய்தவர் அவர். இலக்கணப் பிழை கண்டால் பொறார், தாட்சணியம் பாரார். ஆயினும் அவர் கடுமைக்குள்ளே கனிந்த அன்பு இருந்தது.

அவ்வன்பை முற்றும் பெற்றவர் உ. வே. சாமிநாதையர். இருவரும் மகாவித்துவானின் மாணாக்கர்களே. ஆனால் செட்டியார் ஏறத்தாழ முப்பதாண்டு மூத்தவர். 1876-இல் மகாவித்துவான் மறைந்தபின், ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் கற்றும், மடத்து மாணவர்க்குக் கற்பித்தும் வந்தார்.

1880-இல் செட்டியார் ஓய்வு பெற எண்ணினார். தமக்குப்பின் அவ்விடத்திற்கு உரியவர் யார் என்று ஆராய்ந்தார். சாமிநாதையரே தக்கார் எனத் தெளிந்து, தாமே திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரிடம் வேண்டினார். அருமை மாணாக்கரைப் பிரியத் தேசிகருக்கு எளிதில் மனம் வரவில்லை. எனினும் ஐயரின் நல்வாழ்வைக் கருதி விடை கொடுத்தார். கல்லூரித் தலைவர் கோபாலராவிடமும் செட்டியாரே பரிந்து பேசினார். ஐயரின் புலமை சோதிக்கப்பட்டது. அதில் அவர் வென்றார். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில், இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், கல்லூரி ஆசிரியரானார். மடத்தில் பாடஞ்சொல்லுதல் வேறு, கல்லூரி வகுப்பை நடத்துதல் வேறு. அவ்வேறுபாட்டையும் எடுத்துரைத்து, புதிய ஆசிரியர்க்குத் துணிவூட்டினார் செட்டியார்.

இதனால் விளைந்த பயன் யாது? அதே ஆண்டின் பிற்பகுதியில் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான ஐயரைக் கண்டு, சீவகசிந்தாமணியைப் பற்றி வினவினார். அச்சந்திப்பே ஐயரைப் பழைய ஏடுகளின்பால் ஈர்த்தது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. மறு ஆண்டு தொடக்கத்தில் செட்டியார் மறைந்தார். பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. கும்பகோணத்து நாற்காலி கிடைத்திராவிடில் இந்நன்மைகள் எந்நாளில், எவ்வாறு வாய்த்திருக்குமோ!

ஐயர் நன்றி மறவாதவர். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய அவர், திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். செட்டியாரின் வாழ்க்கையைத் தனி நூலாகவும் எழுதினார். அவ்வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. அப்பெயர் உணர்த்திய நன்றியோ அழிவற்றது.

தாயகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. நம் குடியிருப்பில் தமிழ் கற்பிப்போரும் சங்கப் பணி புரிவோரும் மூத்தவர்களாய் இருக்கிறோம். நமக்குப்பின் யார் என்று கேட்டுக் காத்திருத்தல் போதாது. தக்க இளைஞரை நாமே தேடிச் செல்ல வேண்டும். அருகிருந்து பழக்க வேண்டும். காலம் வரும்போது இன்முகத்தோடு எழுந்து இடம் தரவும் வேண்டும். செட்டியார் காட்டிய நெறி இதுவே.