தமிழில் டாக்டர்களை உருவாக்கிய கிரீன்

குட்டீஸ், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா எங்கே அழைத்துப் போவார்? தெருமுனை டாக்டரிடம். நோய் பெரியது என்றால், சிதம்பரம் வட்டாரப் பிள்ளைகள் அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள். இரண்டு இடத்திலும் டாக்டர் உங்களிடம் தமிழில்தான் பேசுவார். ஆனால், அவர் படித்த பாடப் புத்தகமெல்லாம் ஆங்கிலம்!

மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லித்தர முடியாதா? முடியும் என்று 19-ம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார் ஓர் அமெரிக்கர். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822-ல் பிறந்தவர் கிரீன். மருத்துவம் படித்து முடித்ததும், கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக 1847-ல் கடல் கடந்து இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாய் என்ற ஊரில் தங்கி நோயாளிகளைக் கவனித்தார்.

அது காலராவும் அம்மையும் உயிர்களை வாரிக்கொண்டு போன காலம். ஒரே ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? அதனால் 1848-ல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுத்தரத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது.

அதில் ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளிகள் பாவம், பழையபடியே தவித்தார்கள். தமிழில் படித்தால் மக்களோடு மக்களாக ஊரிலேயே இருப்பார்கள் என்று கிரீன் நினைத்தார். 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? அவரே தமிழ் கற்றிருந்தார். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆங்கில மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். ஒரு சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் வடமொழியில் பார்ப்பார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். உடலமைப்பைச் சொல்லும் படிப்புக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர். அறுவைச் சிகிச்சை 'இரண வைத்தியம்' ஆனது. கெமிஸ்ட்ரியோ 'கெமிஸ்தம்' ஆகிவிட்டது! இப்படி உருவான தமிழ் மருத்துவ நூல்கள் மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல்.

கிரீனிடம் படித்து டாக்டர் ஆனவர்கள் 60 பேருக்கும் அதிகம். அவர்களில் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

உடல்நலம் குன்றியதால் 1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். அங்கே இருந்தபடியும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884-ல் மறைந்தார். தன் கல்லறையில், தான் தமிழர்களுக்கு மருத்துவராக இருந்ததைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மானிப்பாயில் அவர் பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

உங்களில் யார் யாருக்கு டாக்டர் ஆக ஆசை? நீங்கள் எந்த மொழியில் படித்தாலும் சரி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அவருடைய நோய் என்னவென்று புரியும்படி சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கிரீன் தன் மாணவர்களிடம் எதிர்பார்த்தது அதைத்தான்!