ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றவர்: ஓவியர் நார்மன் ராக்வெல்

ஒவ்வொரு இதழிலும் ஒருவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்து வருகிறோம். இந்த முறை அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல். அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று, நம்முடைய பொதுக்குழுக் கூட்டம் போன்ற ஒரு கூட்டத்தில் பிறந்தது.

ராக்வெல் 1894 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை துணி வியாபார நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். இரவில் அவர் சார்லஸ் டிக்கன்ஸின் கதைகளை வாசிக்க, மகன் அந்தப் பாத்திரங்களை வரைவான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்த ராக்வெல், 19 வயதிலேயே ஒரு சிறுவர் பத்திரிகையின் ஓவியப் பொறுப்பாளர் ஆனார். 1916இல், 22 வயதில், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வார இதழுக்கு முதல் அட்டைப்படம் வரைந்தார். அடுத்த 47 ஆண்டுகளில் அந்த இதழுக்காக அவர் வரைந்த அட்டைப்படங்கள் 300க்கும் மேல்.

முதல் உலகப் போரின்போது கடற்படையில் சேரப் போனவரை, உயரத்துக்கேற்ற எடை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவெல்லாம் வாழைப்பழமும் டோனட்டும் தின்று, தண்ணீர் குடித்து, மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்! ஆனால் அங்கும் அவருக்குக் கிடைத்தது துப்பாக்கி அல்ல, தூரிகைதான்.

1939இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சிற்றூரில் குடியேறினார். அக்கம்பக்கத்து விவசாயிகள், கடைக்காரர்கள், குழந்தைகள் எல்லோரும் அவருடைய படங்களுக்கு மாடல்களாக வந்து நின்றார்கள்.

1941 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், உலகில் எல்லோருக்கும் நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்று பேசினார்: பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. எதற்காகப் போரிடுகிறோம் என்பதற்கு இந்த நான்கும் பதிலாக இருந்தாலும், சாதாரண மக்களுக்கு அவை பெரிய வார்த்தைகளாகவே இருந்தன. ராக்வெல்லுக்கும் அவற்றை எப்படி வரைவது என்று பிடிபடவில்லை.

1942இல் ஒரு நாள் பின்னிரவில் விழிப்பு வந்தபோது, ஊர்க் கூட்டம் ஒன்று அவருடைய நினைவுக்கு வந்தது. புதிய பள்ளிக் கட்டடம் பற்றிய விவாதத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து எதிர்ப்புச் சொன்னார். அவரை ஆதரித்து ஒருவர்கூடப் பேசவில்லை. ஆனாலும் அவர் முடிக்கும்வரை எல்லோரும் பேசவிட்டுக் கேட்டார்கள். பேச்சுச் சுதந்திரம் என்றால் இதுதானே என்று ராக்வெல்லுக்குத் தோன்றியது.

நான்கு படங்களுக்கும் மாதிரி வரைந்து எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய் அரசு அலுவலகங்களில் ஏறி இறங்கினார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியில் பிலடெல்பியாவில் 'போஸ்ட்' ஆசிரியரிடம் காட்டினார். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இவற்றை முடிக்கும்படி ஆசிரியர் சொல்லிவிட்டார். முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

பேச்சுச் சுதந்திரம் படத்தில், பழைய ஜாக்கெட் அணிந்த உழைப்பாளி ஒருவர் எழுந்து நிற்கிறார். கோட்டும் டையும் அணிந்தவர்கள் அவரை அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார்கள். நின்றவருக்கு மாடல், ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். இன்னொன்றில் குடும்பமே விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. உணவைக் கொண்டுவந்து வைப்பவர் ராக்வெல் வீட்டுச் சமையல்கார அம்மா. மற்றொன்றில் பெற்றோர் தூங்கும் குழந்தைகளுக்குப் போர்த்திவிடுகிறார்கள். தந்தையின் கையில் குண்டுவீச்சுச் செய்தி வந்த நாளிதழ். வழிபாட்டுச் சுதந்திரம் படத்தில் வெவ்வேறு நம்பிக்கையுள்ள முகங்கள் பிரார்த்தனையில் இருக்கின்றன. எதிரி ஒருவரும் படங்களில் இல்லை.

1943 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாரம் ஒன்றாக நான்கும் வெளிவந்தன. மக்கள் தங்களையே அவற்றில் கண்டார்கள். முதலில் வேண்டாம் என்ற அரசே லட்சக்கணக்கில் சுவரொட்டிகளாக அச்சிட்டது. மூலப் படங்கள் 16 நகரங்களுக்குச் சென்றன. சுமார் 12 லட்சம் பேர் பார்த்தார்கள். 13 கோடி டாலருக்கும் மேல் போர்க் கடன் பத்திரங்கள் விற்றன. அந்த ஆண்டு மே மாதம் ராக்வெல்லின் ஓவியக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. பல வருட உழைப்பு சாம்பலானது. இந்த நான்கும் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்ததால் தப்பின.

ஆனால் அந்தப் படங்களில் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பின மக்களை வேலைக்காரர்களாக மட்டுமே வரையலாம் என்பது 'போஸ்ட்' இதழின் வழக்கம். ராக்வெல் பல ஆண்டுகள் அதற்கு உட்பட்டே வரைந்தார்.

1963 ஜனவரியில் நம் பிரதமர் நேருவின் முகத்தை அட்டையில் வரைந்தார். அந்த ஆண்டிலேயே 'போஸ்ட்' இதழைவிட்டு விலகினார். வயது 69. 1964 ஜனவரியில் 'லுக்' இதழில் அவருடைய படம் ஒன்று வந்தது. ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, 1960இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்துவந்த பள்ளிக்கு அரசுக் காவலர்கள் சூழப் போன காட்சி அது. பின்னால் சுவரில் வசைச்சொல். எறிந்த தக்காளியின் கறை. கோபக் கடிதங்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை.

1978 நவம்பர் 8 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்டாக்பிரிட்ஜில், 84 வயதில் காலமானார். நான்கு சுதந்திரப் படங்களும் அவ்வூரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுத்த பொதுக்குழுவில் தண்ணீர், பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் விவாதத்துக்கு வரும். யாராவது ஒருவர் தனியாக எழுந்து மறுப்புச் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவர் பேசி முடிக்கும்வரை கேட்போம்.