ஈட்டி வீரர் எரிக் லெம்மிங்

வேலும் ஈட்டியும் தமிழர்க்குப் புதியன அல்ல. ஆயின், பகைவர்மேல் எறியாது, தொலைவு ஒன்றையே குறியாகக் கொண்டு ஈட்டி எறியும் கலையில் உலகு போற்ற உயர்ந்தவருள் முன்னிற்பவர் சுவீடன் நாட்டு எரிக் லெம்மிங் என்பார்.

இவர் 1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் கோத்தன்பர்க் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். நெடிய உருவும் வலிய தோளும் வாய்ந்த இவர், 1899இல், தம் பத்தொன்பதாம் அகவையில், 49.32 மீட்டர் எறிந்து உலகில் முதன்மை எய்தினார். அவ்வகவையினராகிய எம்மனோர்க்கு இச்செய்தி நாணமும் ஊக்கமும் ஒருங்கே தருவதாம்.

மறு ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. அந்தோ! அவற்றுள் ஈட்டி எறிதல் இடம்பெறவில்லை. தம் கலைக்கு இடமில்லையென்று லெம்மிங் வாளா இருந்தாரல்லர். தாண்டுதலும் எறிதலுமாக ஆறு பந்தயங்களிற் கலந்துகொண்டார். பதக்கம் ஒன்றேனும் கிட்டிற்றிலது. வெறுங்கையராய்த் திரும்பியவர் மனந்தளராது பயின்றுவந்தார்.

1906இல் ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்த விழாவில் ஈட்டி எறிதலுக்கு இடம் கிடைத்தது. லெம்மிங் 53.90 மீட்டர் எறிந்து முதல்வரானார். அவ்விழாவைப் பிற்காலத்தார் முறையான ஒலிம்பிக்காகக் கொள்ளாமை வேறு செய்தி. 1908இல் இலண்டன் மாநகரில், ஈட்டியின் நடுவிற் பிடித்தெறியும் பந்தயம், விரும்பியவாறு பிடித்தெறியும் பந்தயம் என இரண்டு நடந்தன. இரண்டிலும் அவரே வென்றார். 1912இல் தம் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், தம் மக்கள் கண்டு களிப்ப, 60.64 மீட்டர் எறிந்து மீண்டும் வாகை சூடினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் எறிந்த 62.32 மீட்டரே, புதிதாய்த் தோன்றிய உலகத் தடகளச் சங்கம் ஏற்ற முதல் ஈட்டிச் சாதனையாம்.

1919இல் பின்லாந்து வீரர் மைரா 66.10 மீட்டர் எறிந்து அதனைக் கடந்தார். 1930ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், பிறந்த நகரிலேயே, ஐம்பதாம் அகவையில் லெம்மிங் இறைவனடி சேர்ந்தார்.

தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியக்காரனின் உவமையை நாம் அறிவோம். லெம்மிங்கோ, தம் தாலந்துக்குச் சந்தை திறவாத காலத்தும் அதனைப் புதைத்தாரல்லர். எங்கள் ஒரத்தநாட்டில், தை அறுவடை முடிந்த வயலிற் சிறுவர் மூங்கிற்கழி எறிந்து, எவன் கழி வரப்பைக் கடந்தது என்று வழக்காடக் கண்டுளேன். 2021இல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் வென்ற நீரஜ் சோப்ராவும் அரியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவரே. நம் சிறுவரின் கழியும் ஒருநாள் ஈட்டியாகலாம். வேண்டுவது, இடம் கிடைக்கும் வரை பயிலும் பொறுமையே.