யானைக் கணக்கு எழுதிய எமேர்சன் டெனன்ற்

பெருவிலங்குகளைக் களவாக வேட்டையாடுவோர்க்கு விதிக்கப்படும் தண்டனை போதியதா என்னும் வினா எம் மாணவர் சொற்போர்களில் எழுவதுண்டு. போதாது என்பர் ஒரு கட்சியார். சட்டம் உண்டு, அதனைச் செலுத்துவார்தாம் இல்லை என்பர் மறு கட்சியார். இரு கட்சியாரும் அறிந்திருக்கவேண்டிய வரலாறு ஒன்று உளது. விலங்கைக் கொன்றவனைத் தண்டியாது, அவன் கையில் பணமும் கொடுத்த அரசாங்கத்தில் உயர்பதவி வகித்து, அக்கொலைகளின் கணக்கையும் எழுதிவைத்த ஒருவரின் வரலாறு அது. அவரே சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற்.

1804ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். டப்ளினிலே கல்வி பயின்றார். இளமையிலேயே கிரேக்கரின் விடுதலைப் போரில் ஈடுபாடு கொண்டு அந்நாடு சென்று, கவிஞர் பைரனோடு பழகினார். மணம் செய்தபின், மனைவியின் குடும்பப் பெயராகிய டெனன்ற் என்பதனைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1832இல் பாராளுமன்றம் புகுந்தார். 1845இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக நியமனம் பெற்று, அவ்வாண்டின் இறுதியிலே கொழும்பு வந்து சேர்ந்தார். ஆளுநருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட பதவி அது.

அவர் வந்திறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், மேஜர் ரொஜேர்ஸ் என்னும் அதிகாரி ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். பதுளையில் அரசாங்கப் பதவி வகித்த அவர், தம் வாழ்நாளில் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர். அன்றைய வெள்ளையர் கூட்டத்தில் அவர் பெயர் புகழோடு பேசப்பட்டது. இன்று அச்செயல் செய்வோன் சிறை புகுவான். அன்று செய்தவன் விருந்துகளில் தலைமாட்டில் அமர்ந்தான்.

புகழோடு நின்றிருப்பினும் கேடு ஓரளவிலே அமைந்திருக்கும். பயிரைக் காக்கும் பொருட்டு என்று கூறி, யானையொன்றுக்குச் சில சிலிங் வீதம் அரசாங்கமே பரிசும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை, காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியிலே 2,000 யானைகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. இவ்வெண்களை நாம் அறிவது டெனன்ற் எழுதிவைத்தமையாலேயாம். 2011இல் நடந்த கணக்கெடுப்பிலே இலங்கை முழுவதிலும் காணப்பட்ட யானைகள் 5,879. இரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு விரிவுரை வேண்டா.

டெனன்ற் தம் பதவிக் காலத்திலே தீவின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்தார். மன்னார்ப் பகுதியின் கட்டுக்கரைக்குளத்தின் பழம்பெருமையையும், தீவிலே ஓங்கி நிற்கும் பெருக்கமரங்களையும், கரையோரத்து முத்துக்குளிப்பையும் பற்றி எழுதினார். மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவையும் அவர் மறக்கவில்லை. கடற்பசு என்றும் கடற்பன்றி என்றும் நம்மவர் வழங்குவது இதனையே. கற்பிட்டிக் குடாவிலிருந்து இராமர் அணை வரையில் அது மிகுதியாகக் காணப்பட்டதென அவர் குறித்துள்ளார். 1560இல் மன்னாருக்கு அண்மையில் கடற்கன்னியர் எழுவர் வலையில் அகப்பட்டனர் என்னும் போர்த்துக்கேயர் காலச் செய்தியை எடுத்துக்காட்டி, அக்கதை ஆவுளியாவைக் கண்டே எழுந்திருத்தல் வேண்டும் என விளக்கியவரும் அவரே.

1848இல் மலைநாட்டிலே கலகம் மூண்டது. அதனை ஆளுநர் டொறிங்ரன் அடக்கிய கொடுமை இலண்டன் பாராளுமன்றத்திலே விசாரணைக்கு வந்தது. அதன் விளைவாக ஆளுநரோடு டெனன்றும் 1850இல் இலங்கையை விட்டு நீங்கினார். பதவி போயினும் எழுத்து நின்றது. 1859இல் இலங்கை பற்றிய பெருநூலை இரு பாகங்களாக வெளியிட்டார். 1861இல் இலங்கையின் விலங்கியல் பற்றியும், 1867இல் காட்டு யானை பற்றியும் தனி நூல்கள் வந்தன. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் நூலொன்றை அவருக்கு உரிமையாக்கினார். 1869 மார்ச்சு 6ஆம் நாள் டெனன்ற் இலண்டனிலே காலமானார்.

அந்நூல்களிலே அவர் யானை வேட்டையைக் கடிந்துரைத்தார். அசையாது நிற்கும் பேருருவை மிக அண்மையில் நின்று சுடுவதற்குக் குறி பார்க்கும் திறமை மிகச் சிறிதே வேண்டும் என்பது அவர் கருத்து. இலங்கை யானைகளில் நூற்றில் ஒன்றுக்கும் தந்தம் இல்லை என்றும் அவர் எழுதினார். ஆகவே, தந்தத்தின் ஆசையும் அன்று பெருங்காரணமன்று. வீண் கொலையே நடந்தது. ஆயினும், நூல் கடிந்தது, கருவூலம் கொடுத்தது. மக்கள் கருவூலத்தின் சொல்லையே கேட்டனர்.

யானையையும் பிற வேட்டை விலங்குகளையும் வீணே அழித்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1891இல் பிறந்தது. அப்போது டெனன்ற் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2009இல் அதன் தண்டங்கள் பெரிதும் உயர்த்தப்பட்டன. பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆவுளியாவைக் கொன்றவனுக்கு மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. ஏட்டிலே சட்டம் மென்மையாக இருக்கிறது என்று இன்று எவரும் சொல்லவியலாது. எனினும், யானைகள் துப்பாக்கியாலும் வெடிவைத்த உணவாலும் மின்கம்பியாலும் மாள்கின்றன. ஆவுளியாவின் இறைச்சி மறைவில் கைமாறுகின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றே ஈனும் உயிர் அது. ஒன்று குறைந்தால் அக்குறை நெடுநாள் தீராது.

கொடியோரை ஒறுத்தலைப் பயிரிலே களை எடுப்பதற்கு வள்ளுவர் ஒப்பிட்டார். களைக்கொட்டின் கூர்மை மட்டும் களையை எடுத்துவிடாது. உழவன் நாள்தோறும் வயலுக்குப் போதல் வேண்டும். ஆதலின், தண்டனையைப் பின்னும் கூட்டுக என்பார் கட்சியை நான் ஏற்கவில்லை. தண்டனை தப்பாது என்னும் உறுதியும், இறைச்சியை விலை கொடுத்து வாங்கும் நல்ல மனிதர்க்கு ஊரிலே நாணமும் வேண்டும். மேலும், மீனுக்கு விரித்த வலையில் ஆவுளியா தானே வந்து சிக்குவதும் உண்டு. அஞ்சிய ஏழை மீனவன் அதனை மறைக்கவே முயல்வான். வலையை அறுத்து விடுவித்தால் அவனுக்கு வலை நட்டம்.

தமிழ்நாட்டுக் கரையிலே அவ்வாறு வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்த மீனவர்க்கு அரசாங்கத்தார் பணமும் பாராட்டும் அளித்துள்ளனர். 2022இல் பாக்கு விரிகுடாவிலே 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை ஆவுளியாவின் காப்பிடமாகவும் அறிவித்தனர். டெனன்ற் காலத்து அரசாங்கம் கொன்றவனுக்குக் கொடுத்த பரிசை, இன்றைய அரசாங்கம் காத்தவனுக்குக் கொடுக்கின்றது. மன்னார்க் கரையிலும் அவ்வழக்கம் வேரூன்றுதல் வேண்டும். எம் மாணவர் அடுத்த சொற்போரில் தண்டனையின் அளவோடு பரிசின் திசையையும் சேர்த்து வழக்காடுவாராக.