பல் எக்ஸ்ரேவுக்காகக் கையை இழந்த டாக்டர்: யார் இந்த எட்மண்ட் கெல்ஸ்?

பல்வலின்னு போனா, டாக்டர் பெரும்பாலும் முதல்ல எடுக்கச் சொல்றது எக்ஸ்ரே. ஒரு நொடிகூட ஆகாத அந்த வேலைக்காகத் தன் கையையே பறிகொடுத்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் சி. எட்மண்ட் கெல்ஸ்.

யார் இவர்?

1856-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். 1878-ல் நியூயார்க்கில் பல் மருத்துவம் முடித்து, சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். 1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கெல்ஸின் கிளினிக்கில் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. 1896 ஜூலையில் ஆஷ்வில் நகரில் சக பல் மருத்துவர்கள் முன் அதை இயக்கியும் காட்டினார். 1899-ல் ரூட் கெனால் சிகிச்சையின்போது வேரின் நீளத்தை அறிய எக்ஸ்ரேவைப் பயன்படுத்தினார். இன்றும் ரூட் கெனாலில் இது வழக்கம்.

கறுப்பா தெரிஞ்சா பிடுங்கிடணுமா?

பல்லில் தங்கும் தொற்றுதான் மூட்டுவலி உள்பட பல நோய்களுக்குக் காரணம் என்ற நம்பிக்கை அப்போது பரவியிருந்தது. எக்ஸ்ரேவைக் காட்டியே பற்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார்கள். 1920-ல் கெல்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். பல்லைக் காப்பாற்ற வந்த கருவியே அதைப் பிடுங்கச் சாக்காகிவிட்டது என்பதுதான் அவரது ஆதங்கம்.

அவர் கவலை நியாயமானதுதான். கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் இயல்பான துளைகூட, படத்தில் வேர் நுனியில் சீழ் வைத்ததுபோலக் கறுப்பாகத் தெரியலாம். அதனால்தான் இன்று படத்தை ஒரு வரிசையில் படிக்கிறார்கள். முதலில் பல்லின் மேற்பகுதியில் சொத்தை உண்டா? அடுத்து வேர், அதைச் சுற்றிய மெல்லிய கோடு அறுபடாமல் இருக்கிறதா? பிறகு எலும்பின் மட்டம், கடைசியாக வேர் நுனி. வலிக்கும் பல்லை மட்டும் பார்த்தால் பக்கத்துப் பல்லின் பிரச்சினை தப்பிவிடும். சந்தேகம் வந்தால் வேறு கோணத்தில் இன்னொரு படம். பல்லுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். படம் மட்டுமே தீர்ப்பு ஆகாது.

கொடுத்த விலை

கதிர் சரியா வருதான்னு பார்க்க, அந்தக் காலத்தில் தங்கள் கையையே குழாய் முன் நீட்டுவார்கள். கெல்ஸும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் செய்தார். கையில் புற்றுநோய் வந்தது. 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். விரல்கள், கை, பிறகு முழுக்கையும் போயின. தீராத வலியில், 1928-ல் 71 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுக்கும்போது ஊழியர்கள் ஏன் வெளியே போறாங்கன்னு யோசிச்சதுண்டா? கெல்ஸ் போன்றவர்களின் உடம்பு கற்றுத்தந்த பாடம் அது. உங்க பல்லைப் பிடுங்கணும்னு டாக்டர் சொன்னா, படத்தில் என்ன தெரியுதுன்னு தயங்காம கேளுங்க.