சதாமிச்சி ஹிரசவா

சதாமிச்சி ஹிரசவா (பெப்ரவரி 18, 1892 – மே 10, 1987) ஒரு ஜப்பானிய ஓவியர். 1948 ஆம் ஆண்டில் டோக்கியோவில் பன்னிரண்டு பேர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட தெய்கின் வழக்கில் இவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1955 இல் தண்டனை உறுதியானபோதும் அது நிறைவேற்றப்படவில்லை. அதன் பின் 32 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக வாழ்ந்து சிறையிலேயே இறந்தார்.

ஓவிய வாழ்க்கை

டோக்கியோவில் பிறந்த ஹிரசவா, ஹொக்கைடோ தீவின் ஒத்தாரு நகரில் வளர்ந்தார். முட்டைக்கருவில் நிறமிகளைக் குழைத்துத் தீட்டும் தெம்பரா முறையில் தேர்ந்த ஓவியராக அறியப்பட்டார். 1925 இல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் பக்க விளைவால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவுக் குறைபாடும் நடவாததை நடந்ததாகக் கூறும் இயல்பும் இவருக்கு ஏற்பட்டன.

தெய்கின் வழக்கு

ஜனவரி 26, 1948 அன்று தெய்கொக்கு வங்கியின் ஷீனாமச்சி கிளைக்கு ஒருவர் சுகாதார அதிகாரி எனக் கூறிக்கொண்டு வந்தார். அப்பகுதியில் வயிற்றுக்கடுப்பு பரவுவதாகச் சொல்லி, தடுப்பு மருந்து என்று அங்கிருந்த 16 பேருக்கும் நஞ்சைக் கொடுத்தார். 12 பேர் இறந்தனர். சுமார் 1,60,000 யென் பணத்துடன் அவர் தப்பினார்.

இதற்கு முன் 1947 இல் வேறொரு வங்கியில் நடந்த இதேபோன்ற முயற்சியில், ஷிகெரு மத்சுயி என்ற மருத்துவரின் முகவரி அட்டை பயன்படுத்தப்பட்டிருந்தது. மத்சுயியிடம் அட்டை பெற்றிருந்தவர்களுள் ஹிரசவாவும் ஒருவர். பணப்பையுடன் அட்டையும் திருடுபோனதாக இவர் கூறினார். கைவசம் இருந்த பணத்துக்கும் இவரால் சரியான கணக்குக் காட்ட இயலவில்லை. ஆகஸ்ட் 21 அன்று ஒத்தாருவில் கைது செய்யப்பட்டார். நீண்ட விசாரணைக்குப் பின் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் நீதிமன்றத்தில் அதை மறுத்தார்.

ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பெருமதிப்பளித்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி வழக்கு நடைபெற்றது. 1950 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1955 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நஞ்சைக் கையாண்ட முறை, முன்னாள் இராணுவ ஆய்வாளர் ஒருவரையே சுட்டுவதாக இவரது ஆதரவாளர்கள் வாதிட்டனர். காவல்துறையும் தொடக்கத்தில் அத்திசையில் விசாரித்திருந்தது.

சிறை வாழ்க்கை

ஜப்பானில் நீதி அமைச்சரின் ஆணை இன்றி எவரையும் தூக்கிலிட முடியாது. அடுத்தடுத்துப் பதவியேற்ற அமைச்சர்களுள் ஒருவரும் ஹிரசவாவைத் தூக்கிலிட ஆணையிடவில்லை. அதேவேளை, மறுவிசாரணை கோரிய மனுக்கள் மீண்டும் மீண்டும் தள்ளுபடி செய்யப்பட்டன. இவ்வாறு, கொல்லவும் படாமல் விடுவிக்கவும் படாமல் முதுமை அடைந்தார். செண்டாய் நகரிலுள்ள மியாகி சிறையில் நெடுங்காலம் இருந்த இவர், அங்கும் ஓவியம் தீட்டுவதைத் தொடர்ந்தார்.

முப்பது ஆண்டுகளுக்குள் நிறைவேற்றப்படாத மரண தண்டனை காலாவதியாகும் என்று அப்போதைய சட்டம் கூறியது. அதன்படி 1985 இல் இவரை விடுவிக்கக் கோரினர். சிறைக் காவலில் உள்ளவருக்கு அவ்விதி பொருந்தாது என நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இறப்பும் பின்னரும்

ஹிரசவா ஹச்சியோஜி சிறை மருத்துவமனையில் நுரையீரல் அழற்சியால் தமது 95 ஆவது வயதில் இறந்தார். 1983 முதல் 1989 வரை வேறு நான்கு மரண தண்டனைக் கைதிகள் மறுவிசாரணையில் குற்றமற்றவர்களென விடுதலை பெற்றனர். ஹிரசவாவின் இறப்புக்குப் பின்னரும் இவருக்காக மறுவிசாரணை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. இவ்வழக்கைக் கொண்டு கெய் குமாய் 1964 இல் ஒரு திரைப்படத்தை இயக்கினார்.